வாங்க, உக்காருங்க

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே என் குதிகாலைத் தவிர எல்லாரும் நலம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா, இல்லை நீ பேசப் பேச ஏறிக்கொண்டே போகிறதா?

இந்த உறைக்குள் ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கும், கிழித்துவிடாமல் எடு. நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பது சாட்சாத் நானேதான்.

துணிக்கடைப் பிழைப்பு உனக்குத் தெரியாததா? நீ அங்கே ஒரு கடையில் நிற்கிறாய், நான் இங்கே ஒரு கடையில் நிற்கிறேன். வருகிறவர்களிடமெல்லாம் "வாங்க, உக்காருங்க, என்ன பாக்கறீங்க?" என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிடும். நாம் மட்டும் உட்கார்ந்துவிட்டால் கடையே இடிந்து விழுந்துவிடுமாம். போன மாதம் நாங்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். எழுதியது நான். 'உட்காருவது சலுகை அல்ல, மனிதருக்கு உள்ள உரிமை' என்பதுதான் முதல் வரி. அதிகாரி நேரில் வந்து முதலாளியைக் கேட்டார். பிரிவுக்கு ஒரு முக்காலி என்று முடிவானது. என் குழந்தை உடைப் பிரிவுக்கும் ஒன்று. மறுநாளே பத்திரிகைக்காரர் வந்துவிட்டார்.

அம்மாவிடம் காட்டு. என்ன சொன்னாள் என்று ஒரு வரி விடாமல் எழுது.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
தங்கை


ஜனவரி 24

அன்புத் தங்கைக்கு,

உன் குதிகாலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே மாமா நலம். அம்மாவின் முழங்கால் உன் படத்தைப் பார்த்ததும் குணமாகிவிட்டது. இத்தனை நாள் நான் தைலம் தேய்த்ததெல்லாம் வீண்.

அம்மா என்ன சொன்னாள் என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை. அலமாரிக் கதவில் பசை போட்டு உன் படத்தை ஒட்டிவிட்டாள். இனி நான் துணி எடுக்கக் கதவைத் திறந்தால் நீ, மூடினால் நீ. தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரைக்கூட உள்ளே கூட்டிப்போய், "இவ என் சின்னவ. பேசியே ஜெயிச்சவ" என்று காட்டினாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "இது பெரியவ" என்றாவது சொல்லியிருக்கலாம்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கடையில், சாப்பிடவாவது உட்கார இடம் கொடுங்கள் என்று கேட்டேன். அன்று சாயங்காலமே விஷயம் அம்மா காதுக்குப் போய்விட்டது. "பொம்பளப் புள்ளைக்கு வாய் இவ்வளவு நீளமா? வாயை மூடிட்டு வேலையப் பாரு" என்றாள். மூடிக்கொண்டேன். மூத்தவள் பேசினால் வாயாடி, இளையவள் பேசினால் வீராங்கனை. நம் வீட்டு நியாயம் இதுதான்.

சரி, அந்த முக்காலி மரமா, பிளாஸ்டிக்கா? முதுகுக்குச் சாய்வு இருக்கிறதா? படத்தில் உன் முகம் கொஞ்சம் உப்பலாகத் தெரிகிறது, உப்பைக் குறை.

போனில் பேசலாம்தான். ஆனால் போனை எடுத்தால் அம்மா ஒலிபெருக்கியில் போடச் சொல்கிறாள். அப்புறம் அவள் பேசுவதை நாம் இரண்டு பேரும் கேட்க வேண்டியதுதான். அதனால்தான் எழுதுகிறேன். எனக்குக் கடையில் பொறுப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. நேரம் கிடைப்பதில்லை.

அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும். ஆனால் உன் கடிதத்திலிருந்து வந்த புகையில் எனக்குக் கண் எரிகிறது. அலமாரிக் கதவில் ஒட்டியதற்கே இப்படியா? வாசல் கதவில் ஒட்டியிருந்தால் வீட்டையே விற்றிருப்பாய் போல.

அம்மா உன்னோடு இருக்கிறாள். உன் கையால் சாப்பிடுகிறாள். எனக்குக் கிடைத்தது கதவில் ஓர் ஓரம். அதையுமா கணக்குப் பார்க்கிறாய்?

இங்கே மற்றக் கடைப் பெண்களெல்லாம் என்னைத் தேடி வருகிறார்கள். போன ஞாயிறு ஒரு கூட்டத்தில் பேசினேன். பேக்கரிப் பெண்கள், செருப்புக்கடைப் பெண்கள், துப்புரவு வேலைக்காரர்கள் என்று அரங்கம் நிறைந்துவிட்டது. "காசு கொடுக்குறவரு கால் மட்டுந்தான் வலிக்குமா? நம்ம கால் என்ன மேசைக் காலா?" என்றேன். கை தட்டல் அடங்கவே இல்லை.

பொறுப்பு கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாயே, என்ன பொறுப்பு?

அம்மாவுக்கு என் அன்பைச் சொல். மாமாவுக்கு வணக்கம்.

தங்கை


மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் தொண்டைக்கு என்ன மருந்து சாப்பிடுகிறாய்? கூட்டத்தில் பேசுகிறவர்களுக்குத் தொண்டைதான் முதலில் போகும்.

எங்கள் மாடியில் துண்டுப் பிரிவில் ஒரு பெண் இருக்கிறாள். ஆள் சிறியவள், அதனால் எல்லாரும் பொத்தான் என்றுதான் கூப்பிடுவோம். இப்போது மாசமாக இருக்கிறாள். பொத்தான் நாளுக்கு நாள் பந்தாகிக்கொண்டிருக்கிறது. நேற்று அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தாள், மூடிக்கு உள்பக்கம் உன் படம்! அதே செய்தித்தாள்! கடையிலாவது உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

"இவங்க உங்க தங்கச்சியாமே? நிஜமாவா? ஒரு தரம் இங்க கூட்டிட்டு வாங்களேன். எங்களுக்கும் நாலு வார்த்தை சொல்லட்டும்" என்றாள். உனக்கு ஓயாத வேலை, வர முடியாது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கவே இல்லை. பூசி மெழுகாமல் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். உன் வாய் அங்கே பேசுகிறது, என் வயிறு இங்கே எரிகிறது.

எங்கள் மேலாளர் ஒருவர் இருக்கிறார். யாராவது சுவரில் சாய்ந்தால் போதும், "நிமிர்ந்து நில்லுங்க" என்பார். அதனால் அவருக்குப் பெயரே நிமிர்வு. தலைநிமிர்ந்து நிற்பது பெருமை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இந்த நிமிர்வை எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை.

முக்காலி மரமா பிளாஸ்டிக்கா என்று கேட்டிருந்தேன். நீ பதில் எழுதவில்லை.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் அனைவரின் நலமும் அறிய ஆசை. அவசரமாக எழுதுகிறேன்.

பொறாமை என்று நீயே சொல்லிவிட்டாய். அதனால் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஆனால் அந்தப் பொத்தான் விஷயம் சிரிப்பு இல்லை. மாசமாக இருக்கிறவளை நாள் முழுக்க நிற்கவைப்பது எந்த ஊர் நியாயம்? மனு அப்புறம் இருக்கட்டும். முதலில் உங்கள் மாடிக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பாளே, அவளைப் பிடி. உட்காராதே என்று நேரில் வந்து சொல்வது மேலாளர் இல்லை, அவள்தான். எங்கள் கடையிலும் அப்படித்தான். மேலே இருப்பவர் ஒரு தரம் கண்ணைக் காட்டுவார், பொறுப்பாளர் ஒன்பது தரம் குரைப்பாள். உங்கள் மாடியில் யார் அந்தக் கல்நெஞ்சக்காரி? அவளும் ஒருத்தி வயிற்றில் பிறந்தவள்தானே? அவளிடம் பேசிப் பார்.

என்ன பொறுப்பு கூடியிருக்கிறது என்று நானும் கேட்டிருந்தேன். நீயும் பதில் எழுதவில்லை.

தங்கை


மே 4

தங்கைக்கு,

அம்மா சுகம். மாமா சுகம். நானும் இருக்கிறேன்.

நான்தான் அந்தக் கல்நெஞ்சக்காரி.

ஜனவரியில் என்னை மாடிப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். உனக்கு எழுத வேண்டும் என்று காகிதத்தை எடுத்துவைத்த அன்றுதான் உன் படம் வந்தது. நீ உட்காருவதற்குச் சண்டை போட்டு ஜெயித்திருக்கிறாய். நான் மற்றவர்களை உட்காரவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு உயர்ந்திருக்கிறேன். எந்த முகத்தோடு எழுத? வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை 'மேடம்' என்று கூப்பிடுகிறார்கள், தெரியுமா? இத்தனை வருஷம் 'ஏம்மா', 'இந்தாம்மா' மட்டும் கேட்ட காது இது. மேடம் என்றால் அதற்கு எவ்வளவு இனிக்கிறது! அந்த இனிப்பையும் உன் முக்காலி கெடுத்துவிட்டது.

பொத்தானுக்குக் கால் வீங்கிவிட்டது. செருப்புப் போட முடியாமல் வெறுங்காலோடு நிற்கிறாள். போன வாரம் துண்டு மூட்டையில் கொஞ்சம் சாய்ந்திருந்தாள். நிமிர்வு பார்த்துவிட்டார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "இன்னொரு தரம் பாத்தேன்னா நீங்களே அவளை வேலைய விட்டு அனுப்பிடணும். நீங்க அனுப்பலேன்னா, ரெண்டு பேரையும் நான் அனுப்புவேன்" என்றார். அவள் வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவளிடம் போய், "கொஞ்சம் நிமிர்ந்து நில்லும்மா" என்று சொன்னேன். ஆமாம், இந்த வாய்தான் சொன்னது. அவள் "சரி மேடம்" என்றாள்.

யோசனை சொல்வது சுலபம். முக்காலி போட்டுக் கொடுத்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நீ எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம்தானே?

அப்படி எழுதிய என் கையில் சூடு போட வேண்டும். அது நீ என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அதையே கொஞ்சம் மென்மையாக எழுதியிருப்பேன், அவ்வளவுதான்.

உனக்கு நான் யோசனை சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. அந்தப் பெண் உட்காரட்டும் அக்கா. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

கை முழுக்கத் தூசி. அப்புறம் எழுதுகிறேன்.

தங்கை


ஜூன் 3

என் அருமைத் தங்கைக்கு,

எல்லாரும் சௌக்கியம். நான் பரம சௌக்கியம். இதைப் படிக்கும்போது நீ எங்கே இருந்தாலும் முதலில் உட்கார்ந்துகொள்.

சனிக்கிழமை. காலாண்டுத் தள்ளுபடி வேறு, மாடியில் காலெடுத்து வைக்க இடமில்லை. பொத்தான் ஒரு அம்மாவுக்குத் துண்டு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவள், அப்படியே கண் சொருகி மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப்போய் அவளைத் தாங்கி, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அந்த நேரம் பார்த்துப் படியில் நிமிர்வின் செருப்புச் சத்தம். பொத்தான் பதறி எழப் பார்த்தாள். நான் அவள் தோளை அழுத்தினேன்.

அந்த நிமிஷம் எனக்கு அவள் வயிறு ஞாபகம் வந்தது, வீங்கிய கால் ஞாபகம் வந்தது என்றெல்லாம் எழுதினால் நன்றாக இருக்கும். அது பொய். எனக்கு ஞாபகம் வந்தது அலமாரிக் கதவு! அதில் நீ! கால்மேல் கால் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாய்! இவளால் முடிந்தது என்னால் முடியாதா என்று ஒரு ஆங்காரம் வந்தது பார், பக்கத்தில் காலியாக இருந்த இன்னொரு வாடிக்கையாளர் நாற்காலியில் தொப்பென்று நானும் உட்கார்ந்துவிட்டேன். நியாயத்துக்காக இல்லையடி, வயிற்றெரிச்சலில் உட்கார்ந்தேன்.

நிமிர்வு எதிரே வந்து நின்றார். முகம் சிவந்துவிட்டது. என்னவோ பெரிதாகப் பேச வேண்டும் என்று வாயைத் திறந்தேன். மனிதருக்கு உள்ள உரிமை என்று நீ எழுதியிருந்தாயே, அதைச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் பதினெட்டு வயதிலிருந்து பழகிய நாக்கு! எதிரே ஒரு ஆள் வந்து நின்றால் அதற்குத் தெரிந்தது ஒன்றுதான். "வாங்க சார், உக்காருங்க. என்ன பாக்கறீங்க?" என்றேன்.

துண்டு வாங்க வந்த அந்த அம்மா சிரித்தார் பார், மூன்று பிரிவு தாண்டிக் கேட்டது. "ஆமா சார், நீங்களுந்தான் நாள் பூரா நிக்கறீங்க. உக்காருங்க" என்று தன் பையை எடுத்து இன்னொரு நாற்காலியைக் காலி செய்தார். எங்கள் பெண்கள் நான் வேண்டுமென்றே திமிராகச் சொன்னேன் என்று நினைத்துவிட்டார்கள். திரைச்சீலைப் பிரிவுக்காரி மேசைமேலேயே ஏறி உட்கார்ந்தாள். போர்வைப் பிரிவில் மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். நிமிர்வு மட்டும் நிமிர்ந்து நின்றார். நாக்குக் குழறல் என்று சொன்னால் இன்று வரை யாரும் நம்புவதில்லை. நானும் இப்போது சொல்வதை விட்டுவிட்டேன்.

முதலாளி வந்தார். வாடிக்கையாளர்கள் எல்லாம் எங்கள் பக்கம் பேசியதால் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை முக்காலிகள் வந்து இறங்கின. மர முக்காலி! பொத்தான் உட்கார்ந்தே துண்டு மடிக்கிறாள். என் பொறுப்பாளர் பதவி மட்டும் போய்விட்டது. மேடமும் போச்சு, மறுபடி 'இந்தாம்மா'தான். இரண்டு நாள் அழுதேன், மூன்றாம் நாள் உட்கார்ந்து அழுதேன். அது சுகமாகத்தான் இருந்தது.

இப்போது நீ பொறாமைப்படு. உன் முறை.

ஒன்று கேட்க வேண்டும். உன் போன கடித உறையைக் கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டும் பழுப்பு நாடாவால் ஒட்டியிருந்தாய். கை முழுக்கத் தூசி என்றும் எழுதியிருந்தாய். குழந்தை உடைப் பிரிவில் தூசி ஏது?

அக்கா


ஜூன் 14

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு வாய் வரவில்லை, மன்னித்துவிடு.

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். முதலில் சிரித்தேன், அப்புறம் அழுதேன், அப்புறம் எரிச்சலாக இருந்தது. நீ சொன்னபடியே பொறாமைப்பட்டேன்.

பத்திரிகைக்காரர் போன மறுநாளே முக்காலிகளைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். "ஆபீசர் திரும்ப வந்தா எடுத்துப் போட்டுக்கலாம்" என்றார்கள். ஒரு வாரம் கழித்து என்னையும் கிடங்குக்கு அனுப்பிவிட்டார்கள். பெட்டி பிரிக்கிறேன், பெட்டி ஒட்டுகிறேன். அடுக்கிவைத்த முக்காலிகள் என் பக்கத்திலேயே இருக்கின்றன. இங்கேயும் உட்காரக் கூடாது. அது மரமா பிளாஸ்டிக்கா என்று கேட்டாயே, பிளாஸ்டிக். படம் எடுத்த அந்தக் கொஞ்ச நேரம்தான் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மா கதவில் ஒட்டிவிட்டாள் என்று நீ எழுதிய பிறகு எப்படிச் சொல்வேன்? முதல் தடவையாக நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாய். அதை விட மனம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து உன் பழைய உடை, உன் பழைய புத்தகம், உன்னைப் போல எழுது, உன்னைப் போல பேசு. இது ஒன்றுதான் உனக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது. கூட்டத்தில் கை தட்டியது நிஜம். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்று அங்கேயும் சொன்னேன். அந்தச் செருப்புக்கடைப் பெண்கள் அதை நம்பி மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நீ நாக்குக் குழறியே ஜெயித்துவிட்டாய். எனக்குத் தெளிவாகப் பேசியும் ஒன்றும் நடக்கவில்லை.

தங்கை


ஜூன் 20

அடி கள்ளி,

உன் நலம், உன் கால் நலம், உன் புத்தி நலம் மூன்றையும் அறிய ஆவல்.

ஊருக்கடி உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பது உன்னைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். ஆறு மாதமாக ஒரு பொய்யைப் பார்த்து நான் வயிறெரிந்திருக்கிறேன்! கதவைத் திறக்கும்போதெல்லாம் எரிந்திருக்கிறேன்! அந்த எரிச்சலை எனக்கு யார் திருப்பித் தருவார்கள்? அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. வாய்க்கு வந்த அல்வாவைத் துப்புவது போல மனசே இல்லாமல் சொல்லாமல் விட்டேன்.

கோபம் ஒரு நாள்தான் இருந்தது. இங்கே பொத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறாள். உன் முக்காலி பொய்யாக இருக்கலாம், ஆனால் அதைப் பார்த்து எனக்கு வந்த பொறாமை நிஜம். அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு வேலை மிஞ்சியது.

இப்போது நான் சொல்வதைக் கேள். நான் உனக்கு மூத்தவள். இதுவரை உனக்கு எதை எதையோ செய்யாதே, பேசாதே, போகாதே என்று சொல்லியிருக்கிறேன். இப்போது ஒன்று செய் என்கிறேன். முக்காலி உன் பக்கத்திலேயே இருக்கிறது. மனுவில் ஜெயித்தது அது. யாரும் உனக்குப் புதிதாகத் தர வேண்டியதில்லை. எடுத்துப் போட்டுக்கொண்டு உட்காருடி. வேலை போனால் இங்கே வா. பொத்தான் பிள்ளை பெறப் போகும்போது துண்டுப் பிரிவுக்கு ஆள் வேண்டும்.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நிஜமாகவே நலம். அம்மாவையும் மாமாவையும் கேட்டதாகச் சொல்.

நேற்று கிடங்கிலிருந்து முக்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தூக்கிக்கொண்டு மேலே போனேன். லிஃப்டில் ஏற்றவில்லை, எல்லாரும் பார்க்கட்டும் என்று படியில்தான் ஏறினேன். ஒவ்வொரு பிரிவிலும் ஒன்றாக வைத்துக்கொண்டே போனேன். கடைசியாகக் குழந்தை உடைப் பிரிவில் ஒன்றைப் போட்டு நானே உட்கார்ந்தேன். மற்றப் பெண்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை.

மேலாளர் வந்தார். நான் எழுதிய மனுவின் முதல் வரியைச் சொல்லலாம் என்றிருந்தேன். உன் வார்த்தையையாவது சொல்லலாம் என்றிருந்தேன். இரண்டும் வரவில்லை. அவர் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "யாரைக் கேட்டு உக்காந்தே?" என்றார்.

"எங்க அக்காவைக் கேட்டு" என்றேன்.

தங்கை